தைலமும் டிபன் டப்பாவும்

செம்பூரில் எங்கள் ஆபீசில் ஒரே ஒரு வாரம் வேலை பார்த்தவர்கள்கூடத் தைலத்தை மறந்திருக்க முடியாது. மறக்க நினைத்தாலும் உடுப்பில் ஏறிய வாசனை விட்டிருக்காது.

வீட்டில் வைத்த பெயர் வேறு. கைப்பை நிறையக் குட்டிக் குட்டி எண்ணெய்ப் பாட்டில்களோடு திரிந்ததால் அவள் எங்களுக்குத் தைலம். தாராவிக்காரி. என்னிடம் திருநெல்வேலித் தமிழ், மற்றவர்களிடம் பம்பாய் இந்தி. போனில் வாடிக்கையாளர்களிடம் வசவு வாங்குவதுதான் எங்கள் எல்லோருக்கும் வேலை. இருபத்துச் சொச்சம் வயதிலேயே ஒருவருக்கும் தூக்கம் கிடையாது. தைலமோ மொபைலில் அரோமாதெரபி கோர்ஸ் முடித்தவள்.

"மூக்கு வழியாத்தாம்ட்டி மனசுக்குள்ள போக முடியும். வேற வாசல் கெடையாது" என்பாள்.

ஒருநாள் லாவெண்டரில் நனைத்த பஞ்சை ஏசிக்குள் செருகிவிட்டாள். டார்கெட் எட்டவில்லை என்று மேனேஜர் எங்களை நிற்கவைத்துத் திட்டிக்கொண்டிருந்த நேரம். பாதியில் அவருக்கு ஒரு கொட்டாவி. தொடர்ந்து இன்னொன்று. மீதியை நாளைக்குத் திட்டுவதாகச் சொல்லிவிட்டுப் போய்ப் படுக்காத குறையாக உட்கார்ந்துவிட்டார்.

இன்னொரு நாள், தலைவலி என்ற ஒருவனின் நெற்றிப்பொட்டில் புதினா எண்ணெயைத் தடவினாள். அவன் அதைத் தேய்த்துவிட்டு, அதே விரலால் கண்ணையும் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். அந்தப் பக்கம் ஒரு பெரியவர் கர்ஜித்துக்கொண்டிருந்தார். இவன் விசும்பும் சத்தம் கேட்டதும், "அரே பேட்டா, ரோ மத்" என்று, அழவேண்டாமெனப் பதறிப்போய்ப் புகாரையே வாபஸ் வாங்கிவிட்டார்.

"பாத்தியா? வைத்தியம் போன் வழியாவும் வேல செய்யுது!" என்றாள் தைலம்.

நான் சிரித்தேன். ஆனால் சில வாரங்களாகவே எனக்கு நெஞ்சு படபடத்துக்கொண்டிருந்தது. இதயத்தில் ஏதோ கோளாறு என்று நானே முடிவுகட்டி, வீட்டில் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தேன்.

மழைக்காலத்தில் ஒரு காலை. வடாலாவில் நான் ஏறினேன், ஜிடிபி நகரில் தைலம். குர்லா தாண்டியதும் ரயில் நின்றுவிட்டது. லேடீஸ் கம்பார்ட்மெண்டில் கையைத் தூக்கினால் இறக்க இடமில்லை. ஜன்னலெல்லாம் மூடியிருந்தது. சட்டென்று எனக்கு மூச்சு முட்டியது. விரல்கள் மரத்தன. செத்துவிடப்போகிறேன் என்றே நினைத்தேன்.

"ஏட்டி, என்னைப் பாரு! இந்தா, மோந்து பாரு!"

லாவெண்டரை நீட்டினாள். பிரயோஜனமில்லை. ஆரஞ்சு, புதினா, யூகலிப்டஸ் என்று வரிசையாகத் திறந்தாள். சுற்றியிருந்தவர்கள் தும்மத் தொடங்கினார்கள். எனக்கு மட்டும் ஒன்றுமே ஏறவில்லை. முதல்முறையாகத் தைலத்தின் முகத்தில் பயத்தைப் பார்த்தேன். வேறு பாட்டில் தேடிக் கைப்பையைக் குடைந்தபோது, அடியிலிருந்த டிபன் டப்பாவின் மூடி கழன்றுகொண்டது.

நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு.

"அரே, யே கியா ஹை!" என்று நாலு பக்கமும் கூச்சல். நான் ஒரு முறை இழுத்து மோந்தேன். இன்னொரு முறை, நன்றாக, வயிறு வரைக்கும்.

"பசிக்குது" என்றேன்.

தைலம் அப்படியே என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு இருவரும் சிரித்தோம். திட்டிக்கொண்டிருந்த ஒரு மராத்திக்கார அம்மாள் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, எனக்கு உட்கார இடமும் கொடுத்தாள்.

அன்று தைலம் என்னை ஆபீசுக்குப் போகவிடவில்லை. தாராவி லேபர் கேம்பில் அவள் குடும்பம் பார்க்கும் தமிழ் டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவர் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, "இதயம் குதிரை மாதிரி இருக்கும்மா. இது பதற்றம். சரியாயிடும்" என்றார். நெஞ்சின் மேல் இத்தனை நாள் உட்கார்ந்திருந்த யாரோ எழுந்து போனதுபோல் இருந்தது. மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார், மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார்.

"அப்ப எண்ணெய், டாக்டர்?" என்றாள் தைலம்.

"புடிச்ச வாசனைன்னா கெடுதலில்ல. ஆனா அது மட்டுமே வைத்தியமாயிடாது."

முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, ஜெயித்தவள்போல் என்னைப் பார்த்தாள்.

"ஆமா, நீங்க இவங்களுக்கு யாரு?" என்று கேட்டார் டாக்டர்.

"அக்கா" என்றாள், யோசிக்காமல்.

உண்மையில் என்னைவிட இளையவள். ஆனால் அன்றிலிருந்து நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன்.