வெந்நீர் மட்டும் என் முடிவு

இந்த வீட்டில் ஒரு காரியமாவது என் சொல்படிதான் நடக்க வேண்டும். திருநகரில் புது வீட்டுக்கு அஸ்திவாரம் போட வானம் தோண்டிய அன்றே இதை முடிவு கட்டிவிட்டேன். சத்தமாகச் சொல்லவில்லை. பக்கத்தில் சீனியம்மாள் நின்றாள்.

சீனியம்மாள் என் வீட்டுக்காரி. நான் கீழமாரட் வீதியில் காலமெல்லாம் வெங்காய மண்டி நடத்தியவன். என் ஒரு அதட்டலுக்கு லோடு லாரி தானாகப் பின்னால் போகும். அதே அதட்டலை வீட்டில் போட்டால், தொண்டை கட்டியிருக்கிறது போல என்று மிளகுக் கசாயம் வரும்.

வீடு உயர உயர நான் குட்டையானேன். தரைக்கல் அவள் முடிவு. தலைவாசல் அவள் முடிவு. சுவருக்கு என்ன வண்ணம் என்று மட்டும் என்னிடம் கேட்டார்கள். மஞ்சள் என்றேன். பச்சை அடித்தார்கள். பெங்களூரில் இருக்கிற மகன் அசோக்குமார், "அப்பாவையும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்கம்மா" என்று போனில் சொன்னானாம். அதனால் கேட்டார்களாம்.

கடைசியில் முடிவாகாமல் மிஞ்சியது ரெண்டு சாமான். ஒன்று ஹீட் பம்ப். அதாவது வெந்நீர் போடுகிற மிஷின். பழைய கீசர் மாதிரி கம்பியைக் காய வைக்காது. சுத்தியிருக்கிற காற்றில் உள்ள சூட்டை உறிஞ்சி, தண்ணீருக்கு ஏற்றிவிடுமாம். மதுரைக் காற்றில் சூட்டுக்கா பஞ்சம்.

இன்னொன்று காற்றுப்போக்கு மிஷின். வீடு முழுக்கக் குழாய் ஓட்டி, உள்ளே இருக்கிற அனலை வெளியே தள்ளி, நல்ல காற்றை உள்ளே இழுக்கும். சீனியம்மாளுக்கு வேண்டியது அதுதான். பழைய வீட்டு அடுப்படியில் வெந்து வெந்தே தன் பாதி உடம்பு போய்விட்டது என்பாள். மீதிப் பாதியே என்னைவிட ரெண்டு சுற்று பெரிசு. அதை நான் சொல்வதில்லை.

ரெண்டில் ஒன்றுக்குத்தான் பணம் என்று மகன் சொல்லிவிட்டான். நான் நெஞ்சை நிமிர்த்தினேன். ஹீட் பம்ப் என்றேன். முட்டிவலிக்கு வெந்நீர்தான் மருந்து என்றேன். வெந்நீர் இல்லாத வீட்டில் கால் வைக்க மாட்டேன் என்றேன்.

உண்மைக் காரணம் வேறு. கொட்டாம்பட்டியில் என் சகலை இருக்கிறார். மொட்டைமாடியில் சோலார் மாட்டி, வெயிலிலேயே வெந்நீர் போடுகிறவர். மூணு வருசமாக எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், பந்தியில் ரசம் வருவதற்குள் அந்த சோலார் வந்துவிடும். வெயிலே இல்லாமல் என் வீட்டில் வெந்நீர் வருகிறது என்று ஒரு தடவை அவர் இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். மனுசனுக்கு வேறென்ன வேண்டியிருக்கு.

சீனியம்மாள் சும்மா விடவில்லை.

"மதுரையில வெந்நீருக்கு மிஷினா? சித்திரையில பைப்பத் தொறந்தா அரிசியப் போட்டு வடிச்சிரலாம்."

"மார்கழின்னு ஒரு மாசம் வருதுல்ல."

"வரும். வந்த வேகத்துல ஸ்வெட்டரக் கழட்டிட்டுப் போயிரும்."

"அந்தக் கொஞ்சக் குளிருலயும் நான் ஏன் நடுங்கணும்? கல்லும் கதவும் ஒன் இஷ்டம். வெந்நீர் என் இஷ்டம். இதுல நான் எறங்கி வர மாட்டேன்."

சொல்லிவிட்டு எனக்கே புல்லரித்தது.

பைபாஸ் ரோட்டுக் கடைக்குப் போனோம். ராம்கி என்கிற விற்பனைக்காரர், மிஷினைத் தட்டித் தட்டிப் பெருமை சொன்னார். நான் அதன் மேல் கை போட்டு நின்று, சகலைக்கு அனுப்பப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் சீனியம்மாள் ராம்கியை ஓரமாக நிறுத்தி என்னமோ கேட்டாள். அவர் கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். திரும்பி வரும்போது முகம் கல்யாணப்பெண் மாதிரி இருந்தது.

"சரிங்க. ஒங்க இஷ்டம். இதையே வாங்கிருவோம்."

மண்டியில் ஒருத்தன் பேரம் பேசாமல் சரி என்றால், மூட்டைக்குள் தோள்வரை கையை விட்டு அடி வெங்காயத்தை எடுத்துப் பார்ப்பேன். அன்றைக்குப் பார்க்கவில்லை. ஜெயித்த மயக்கம் அப்படி.

ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். வெந்நீர் போடுகிற சாமான் நெருப்பு சம்பந்தப்பட்டது. அக்கினி மூலையில்தான் வர வேண்டும். நியாயம்தானே. வாஸ்துவைத் தள்ளி வைத்து வீடு கட்டியவன் எங்கள் தெருவில் எவனும் இல்லை. அக்கினி மூலையில் இருப்பது அடுப்படி. குளியலறைக்கு நாலு முழம் குழாய் கூடுதலாக ஓட்டினால் முடிந்தது. பெருந்தன்மையாகச் சரி என்றேன். ராம்கி வந்து மாட்டிய அன்று நான் பக்கத்தில் இல்லை. தெருமுக்கு டீக்கடையில் உட்கார்ந்து, நான் ஜெயித்த கதையை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பால் காய்ச்சிக் குடிபோனோம். கத்திரி வெயில் பிறந்தது. கூடவே என் குளியலும் பிறந்தது.

உச்சிப்பொழுது. சாப்பிட்டுவிட்டுத் தலையைச் சாய்க்கலாம் என்று இருந்தேன். நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றாள். முட்டிக்குத் தேய்த்து வெந்நீர் ஊற்றிக்கொள்ளச் சொன்னாள். இப்படி ஒரு கரிசனத்தை நான் கல்யாணமான புதிதில்கூடப் பார்த்ததில்லை. நெகிழ்ந்துபோய்க் குளித்தேன். வெளியே வரும்போது அவித்த நண்டு மாதிரி இருந்தேன்.

மறுநாளும் கிண்ணம் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. ஆம்பளைக்கு எண்ணெய்க்குளியல் சனிக்கிழமைதான். இவள் வாரத்துக்கு ஏழு சனிக்கிழமை வைத்துவிட்டாள்.

வெயில் பொறுக்காமல் ஒரு நாள் குழாயை மட்டும் திறந்துவிட்டு, ஸ்டூலில் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். கதவைத் தட்டினாள். லாரித் தண்ணீரைச் சாக்கடைக்கு விடாதீர்கள், மேலுக்கு ஊற்றுங்கள் என்றாள். கதவுக்கு வெளியே நிற்கிறவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பக்கத்து வீடு நைனா முகமது. மெத்தைக் கடைக்காரர். மனை வாங்கினதே சேர்ந்துதான். எனக்கு அவர் மாமா, அவருக்கு நான் மாப்ள. காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என்னைப் பார்த்துவிட்டு, துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார்.

"மாப்ள, மேலெல்லாம் ஆவி பறக்குதே. ஒடம்புக்கு என்ன?"

"வைத்தியம் மாமா. முட்டிக்கு."

"இன்ஷா அல்லாஹ், முட்டி பொழைச்சிரும். நீ பொழைப்பியான்னுதான் யோசிக்கிறேன். என் வீட்டுலயும் இதே மிஷின் வேணும்னு சைனப் ஒத்தக்கால்ல நிக்கிறா. மதியமானா ஒங்க வீட்டு அடுப்படியிலதான் கெடக்கா."

சைனப் அவருடைய வீட்டுக்காரி. கத்திரி வெயிலில், உச்சிப்பொழுதில், அடுத்த வீட்டு அடுப்படியில் ஒரு பொம்பளைக்கு என்ன வேலை? ஈரத்துண்டோடு போய்ப் பார்த்தேன்.

ரெண்டு பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். சீனியம்மாளின் முந்தானை படபடவென்று பறந்தது. சைனப் முக்காட்டை இழுத்துக் காதை மூடியிருந்தாள். குளிருதாம். உள்ளே கால் வைத்தேன். கொடைக்கானல். அண்ணாந்து பார்த்தேன். என் ஹீட் பம்பிலிருந்து தும்பிக்கை மாதிரி ஒரு தகரக் குழாய் இறங்கி வந்து, அவர்கள் தலைக்கு நேராகப் புஸ்ஸென்று ஊதிக்கொண்டிருந்தது.

வாசலுக்கு வந்து ராம்கிக்குப் போன் போட்டேன். அவர் சந்தோசமாகச் சொன்னார். மிஷின் காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்குக் கொடுத்துவிடும். சூடு போன காற்று சில்லென்று வெளியே வரும். தொட்டியில் தண்ணீர் சுட்டதும் மிஷின் நின்றுவிடும், காற்றும் நின்றுவிடும். யாராவது வெந்நீரைச் செலவழித்தால்தான் மறுபடி ஓடும். அம்மா கடையிலேயே எல்லாம் கேட்டுக்கொண்டார்களே சார், நீங்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தீர்கள் என்றார்.

கொதித்துப் போனேன். ஏற்கெனவே கொதித்துத்தான் இருந்தேன். திரும்பவும் அடுப்படிக்குப் போய் நின்றேன்.

"சீனி. இன்னையோட சரி. இனிமே பச்சத்தண்ணிதான். ஒரு சொட்டு வெந்நீர் என் மேல படாது."

அவள் கோபப்படவில்லை. வெங்காயத்தோலை முறத்தில் தட்டினாள்.

"சரிங்க. பிடிக்கலைன்னா விடுங்க. தப்பா வாங்கிட்டோம்னு அசோக்குமார்ட்டச் சொல்லிக் கழட்டிருவோம். கொட்டாம்பட்டி அத்தான் நாளைக்கு இதப் பாக்கத்தான் வாராரு. அவருட்டயும் நானே சொல்லிக்கிறேன்."

அடுத்த வெங்காயத்தை எடுத்து உரித்தாள். தலைக்கு மேல் குழாய் ஊதியது.

தப்பா? யார் வாங்கியது தப்பு? இந்த வீட்டில் நான் எடுத்த ஒரே முடிவு. அதில் தப்பு என்று சொல்ல எவனுக்கும் இடம் கொடுக்க மாட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டேன். இந்த வெந்நீர் நான் கேட்டு வந்த வெந்நீர், எப்போது வேண்டுமானாலும் குளிப்பேன், யார் தடுத்தாலும் குளிப்பேன் என்று முழங்கிவிட்டு, குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். வாளி வாளியாக ஊற்றினேன். சகலை மேல் ஊற்றுகிற மாதிரி ஊற்றினேன். மூணாவது வாளிக்கு மூச்சு முட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றேன்.

அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, தண்ணிச் சத்தத்தக் காணோமே. இங்க சைனப்புக்கு வேர்க்குது."