‘ஆ’ காட்டும் தாய்மாமன்

பாலூட்டிகளில் ஒரு தனி வகை உண்டு. அது தானும் பாலூட்டாது. ஊட்டுகிறவளை நிம்மதியாக விடவும் விடாது. குழந்தை பிறந்த வீடு எதுவென்று எறும்புக்குத் தெரிவதற்கு முன் இதற்குத் தெரிந்துவிடும். நீங்கள் பார்த்ததில்லையா? அப்படியானால் தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் தயாபரனைப் பாருங்கள்.

பதுளை பஸாரில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவர். கல்யாணம் ஆகவில்லை. ஆனால் தங்கை சிவசக்திக்கு மகள் பிறந்த அன்றே, ஆஸ்பத்திரி வாட்டில் நின்றபடி தீர்ப்புச் சொல்லிவிட்டார்: “பால் பத்தல தங்கச்சி. அழுகையிலயே தெரியுது.” மருமகள் அழுதால் பால் பத்தவில்லை, தூங்கினால் பசி மயக்கம், சிரித்தால் வாயு. மிட்வைஃப் வந்து நிறுத்துப் பார்த்து, “நல்லா எடை ஏறியிருக்கு, தாய்ப்பாலே போதும்” என்றால், இவர் தராசைத் தட்டிப் பார்ப்பார். ஒரு நாள் பால் போத்தலும் வாங்கி வந்தார். அதன் ரப்பர் சூப்பியின் ஓட்டை சின்னது என்று தொழில் தெரிந்த கையால் பெரிதாக்கினார். பால் சீறிக்கொண்டு வந்தது. குழந்தையின் வாய்க்கல்ல, அவருடைய சட்டைக்கு.

ஆறு மாதம் முடிந்தது. சோறு மசித்துக் கொடுக்கலாம் என்றார் மிட்வைஃப். சிவசக்தி ஊட்டினாள், குழந்தை நாக்கால் தள்ளியது. மறுபடி ஊட்டினாள், மறுபடி தள்ளியது. திங்கட்கிழமை அவள் கொழுந்து எடுக்கத் திரும்ப வேண்டும், குழந்தையைத் தோட்டத்துக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் விட வேண்டும். பகலில் சோறு இறங்காத பிள்ளையை விட்டுவிட்டு எந்தத் தாய்க்கு மலை ஏறக் கால் வரும்? சிவசக்தி அழுதேவிட்டாள்.

“அழுவாத தங்கச்சி. தாய்மாமன் நான் இருக்கேன். நான் ஊட்டினா ஒரு பருக்க மிஞ்சாது” என்றார் தயாபரன்.

ஞாயிற்றுக்கிழமை கிண்ணத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு அவள் தண்ணீர் கொட்டும் பீலிக்குத் துணி துவைக்கப் போனாள்.

தயாபரன் கரண்டியை உயர்த்தினார். “கூ… ரயில் வருது! தெமோதரைச் சுரங்கம் வந்திருச்சு! ஆ காட்டு!” சுரங்கம் திறக்கவில்லை. அவருடைய வாய்தான் திறந்தது. குழந்தை அதைக் கவனமாகப் பார்த்தது. “இந்தா, மாமா எப்படித் திங்கிறேன் பாரு” என்று ஒரு கரண்டி தின்று காட்டினார். பூசணியும் பருப்பும் பட்டரும் குழைந்த சோறு, நாக்கில் கரைந்தது. பாடம் புரியவில்லையோ என்று இன்னொரு கரண்டி. விளக்கமாக ஒன்று. அழுத்தமாக ஒன்று. பாடம் முடிந்தபோது கிண்ணமும் முடிந்திருந்தது.

“அண்ணே! எல்லாத்தையும் சாப்பிட்டாளா?” ஈரக் கையோடு நின்ற சிவசக்தியின் கண் பளபளத்தது. அந்தக் கண்ணைப் பார்த்து உண்மையைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

“ஒரு பருக்க மிஞ்சல” என்றார்.

பொய்யா? இல்லையே.

செய்தி தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாக ஓடியது. திங்கட்கிழமை பகல், கடைக்கு லீவு போட வைத்து, மடுவத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் விஜயலெட்சுமி அவரைக் கூப்பிட்டே விட்டாள். பால் கொடுக்க வந்த தாய்மார், சிவசக்தியும் சேர்த்து, சுற்றி நின்றார்கள். “அந்த வித்தைய எங்களுக்கும் காட்டுங்கண்ணே!” தயாபரனுக்கு வியர்த்தது. உண்மையான ரயில் ஒன்று வந்தால் ஏறி ஓடிவிடலாம் என்றிருந்தது.

“ஆ காட்டு தங்கம்… ஆ…”

வரிசையாக நின்ற தாய்மார் எல்லோரும் ஆ காட்டினார்கள். விஜயலெட்சுமியும் காட்டினாள். குழந்தை மட்டும் காட்டவில்லை. அது அத்தனை வாய்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தது. பாவம், இவ்வளவு பேருக்குப் பசியா? சட்டென்று கிண்ணத்துக்குள் கையை விட்டு, ஒரு பிடி சோற்றை அள்ளி, மாமாவின் வாயில் அப்பியது. பிறகு கலகலவென்று சிரித்து, விரலில் ஒட்டியதைச் சூப்பியது. நன்றாயிருந்தது போலும். மறுபடி அள்ளியது. இந்த முறை தனக்கே.

மடுவம் சிரிப்பில் அதிர்ந்தது.

“அண்ணே,” என்றாள் சிவசக்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “நேத்து மிஞ்சாதது யாரு வாயில போச்சு?”

தயாபரனின் வாய் நிறையச் சோறு. அவர் மும்முரமாக மென்றார்.

அவள் கிண்ணத்தைக் குழந்தையின் கைக்கெட்டத் தள்ளி வைத்துவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறினாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் சைக்கிள் கடையில் தயாபரன் சொல்லிக்கொண்டிருந்தார்: “பிள்ளைங்கள கையால அள்ளித் திங்க விடணும்ங்க. இது நானே கண்டுபிடிச்சது.”

இந்த இனம் திருந்தாது. நீங்கள் இதில் சேர்த்தி இல்லை என்கிறீர்களா? சந்தோஷம். எதற்கும் அடுத்த முறை ஒரு குழந்தைக்குக் கரண்டியை நீட்டும்போது, எதிரே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துக்கொள்ளுங்கள்.