அஞ்சு மில்லி வெட்சூட்டும் நோர்வூட் ஏற்றமும்

குளிரான ஊரில் பிறந்தவர்களுக்குக் குளிரைப் பற்றி எல்லாம் தெரியும் என்று மற்றவர்கள் நம்புகிறார்கள். நானும் நம்பினேன். (அதுதான் வினை.)

இலங்கையின் தென்கரையில், வெலிகமையில் ஒரு விடுதியில் வேலை பார்த்தபோது அலைச்சறுக்கு பழகினேன். அங்கே கடல் வெதுவெதுப்பானது, டீசேர்ட்டே போதும். அயர்லாந்தில் ஒரு அலைச்சறுக்குப் பயிற்சிப் பள்ளி என்னை வேலைக்குக் குளிர்காலத்தில் வந்து சேரச் சொன்னபோதுதான் வெட்சூட் பற்றிய பேச்சு வந்தது. உடம்போடு ஒட்டிக்கொள்ளும் கறுப்பு ரப்பர் உடை அது. மிதமான குளிருக்கு மூன்று மில்லிமீற்றர் தடிப்பு, கடுங்குளிருக்கு ஐந்து. தடித்தது சூடு தரும், ஆனால் தோளைப் பிடிக்கும். மெல்லியதில் கை சுலபமாக வீசும், ஆனால் குளிர் எலும்புக்குள் இறங்கும். விடுதித் தோழி ஒருத்தி இரண்டையும் கொடுத்து, போட்டுப் பார்த்து ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

இரண்டோடும் மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம் இருக்கும் நோர்வூட்டுக்குப் போனேன், அப்பாவிடம் சம்மதம் வாங்க. அம்மா ஒரு மழைக்காலத்தில் நெஞ்சுச்சளி முற்றித்தான் இறந்தார். அன்றிலிருந்து அப்பாவுக்குக் குளிர் என்றாலே ஆகாது.

“ஐஸ் தண்ணியில எறங்குற வேலையா? வேணாம் புள்ள.”

“அதுக்குத்தாம்பா இந்த உடுப்பு.”

அப்பா தடித்ததை எடுத்து முகர்ந்து பார்த்தார். “சரி, நம்ம டேம்ல எறங்கி நடுங்காம நின்னு காட்டு. அப்புறம் பேசுவோம்.”

தை மாத விடியல். நீர்த்தேக்கத்துக்கு மலையேறி இறங்க வேண்டும். கரையில் உடைமாற்ற வெட்கப்பட்டு வீட்டிலேயே ஐந்து மில்லிமீற்றருக்குள் புகுந்துகொண்டேன். போதாததற்கு அப்பா, “வழியில குளிரும்” என்று தன் ஸ்வெட்டரையும் கம்பளித் தொப்பியையும் மாட்டிவிட்டார்.

ஏற்றத்தில் பாதி தூரம் வருவதற்குள் ரப்பருக்குள் வெந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் அப்பா பல் கிட்டிக்க நடுங்கிக்கொண்டு வந்தார்.

“எப்புடி புள்ள இருக்கு?”

“சூப்பரா இருக்குப்பா.” (கண்ணில் பூச்சி பறந்தது. வேர்க்கிறது என்று சொன்னால் மரியாதை என்னாவது?)

கொஞ்ச நேரத்தில் தேயிலைச் செடிகள் சுழன்றன. குப்புற விழுந்தேன்.

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்தார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் புஷ்பம் அக்கா ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு அலறினார்: “ஐயோ, புள்ளைக்கு ஒடம்பெல்லாம் கறுத்துப்போச்சே!”

“அது உடுப்புக்கா,” என்று முனகினேன்.

“என்னா உடுப்பு அண்ணே இது?”

“அஞ்சு மில்லி!” என்றார் அப்பா, பதற்றத்தில் வேறொன்றும் வராமல்.

ஸிப்பை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணிகளை அவிழ்த்து என்னைச் சுற்றித் திரை பிடித்தார்கள். திரைக்கு வெளியே திரும்பி நின்றபடி அப்பா, “முதுகுல! முதுகுல!” என்று கத்தினார். ஒருவர் ஸிப்பைத் திறந்து என் தோளைப் பிடித்துக்கொள்ள, இருவர் ஆளுக்கொரு காலாக இழுத்தார்கள். உடை கழன்ற வேகத்தில் அந்த இருவரும் செடிக்குள் போய் விழுந்தார்கள்.

படங்கைப் போர்த்திக்கொண்டு, நனைந்த டீசேர்ட்டோடு உட்கார்ந்திருந்தேன். அயர்லாந்து அவ்வளவுதான் என்று தோன்றியது. சற்றுத் தள்ளி முகத்தை மூடியிருந்த அப்பாவின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன்.

சிரித்துக்கொண்டிருந்தார். அம்மா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

“ஒன்னைய குளிர் கொண்டுட்டுப் போயிருமோன்னு பயந்து கெடந்தேன். நீ என்னான்னா வெந்துல்ல போயிருப்ப!” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “மெல்லிசு வேணாம். இதையே எடுத்துக்கிட்டுப் போ.”

அன்று தண்ணீரைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. இறங்கப்போகும் தண்ணீரை வைத்துத்தான் தடிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும், நடக்கும் ரோட்டை வைத்தல்ல என்பது அயர்லாந்தில் முதல் அலை முகத்தில் அறைந்தபோது விளங்கியது. அங்கே ஐந்தே சரி. அதிலும் விரல் மரத்துப்போனது.

தோட்டத்தில் இப்போது என் பெயர் மில்லி. ஞானஸ்நானப் பெயரைச் சொன்னால் லயத்தில் பலருக்கு ஆளைத் தெரியாது. அப்பாவும் போனை எடுத்ததும் அதைத்தான் சொல்கிறார்:

“மில்லி, இன்னிக்கு அலை எப்புடி?”