கேசியாவுக்கு டி.சி. வாங்க மாட்டேன்

சித்தூர்,
19-9-1999

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான அன்பரசு மாமா அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் இன்பசேகரன் பணிவோடு எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் கிரேஸும் கேசியாவும் சுகமாக இருக்கிறோம். குவைத்தில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே வெயில் எப்படி? இங்கே வெயில் போய் உங்கள் கடிதம் வந்திருக்கிறது, இரண்டும் ஒரே சூடுதான்.

மாமா, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். "பொம்பளப் புள்ள பாக்குப் பொட்டலத்தோட மாட்டிக்கினா குடும்ப மானம் என்னாவறது? டி.சி. வாங்கிக்கினு வந்து நகரியில என் தம்பி தறி ஷெட்டுல நூல் சுத்த வுடு, பதினெட்டு ஆனதும் மாப்பிள்ளை நான் பார்க்கறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பெரியவர், அக்கா புருஷன், உங்கள் சொல்லை இதுவரை நான் தட்டியதில்லை. இப்போது தட்டுகிறேன். டி.சி. வாங்க மாட்டேன். கேசியா மார்ச் மாதம் டென்த் பரீட்சை எழுதுவாள். தறி ஷெட்டில் உங்கள் தம்பியே உட்கார்ந்து நூல் சுற்றட்டும், அவருக்கும் நாலு வேலை தெரிய வேண்டாமா?

நடந்ததை யார் உங்களுக்கு எப்படிக் காது மூக்கு வைத்து எழுதினார்களோ, நான் முறையாகச் சொல்கிறேன். ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் பிரேயர் முடிந்ததும் ஹெட்மாஸ்டர் கிருஷ்ணப்பா சார் திடீரென்று எல்லாப் பிள்ளைகளின் பையையும் சோதித்திருக்கிறார். இப்போதெல்லாம் பெட்டிக் கடைக்குப் பெட்டிக் கடை சரம் சரமாகத் தொங்குகிறதே புகையிலைப் பாக்குப் பொட்டலம், அதில் ஒன்று கேசியாவின் ஜாமெட்ரி பாக்ஸில் இருந்திருக்கிறது. ஐந்து பையன்களிடமும் கிடைத்ததாம், ஆனால் ஊர் பேசியது இவளைப் பற்றி மட்டும்தான். யார் கொடுத்தது, எத்தனை நாளாக என்று கேட்டால் இவள் வாயே திறக்கவில்லை. நான் கேட்டேன், கிரேஸ் அழுதுகொண்டே கேட்டாள், ஊஹும். ஹெட்மாஸ்டர் ஒரு மாதம் சஸ்பெண்ட் என்று எழுதிவிட்டார். ஒரு மாதம் போனால் அட்டெண்டன்ஸ் போச்சு, அட்டெண்டன்ஸ் போனால் பரீட்சை போச்சு. நான் டியூட்டியை மாற்றிக்கொண்டு ஓடிப்போய் அவர் ரூம் வாசலில் நின்றேன். "ரூல் அண்ட்டே ரூல், சேகர்" என்று, ரூல் என்றால் ரூல்தானாம், தெலுங்கில் முடித்துவிட்டார் மனுஷன்.

அப்போதுதான் கல்பனா டீச்சர் உள்ளே வந்தார். திருப்பதியிலிருந்து தினமும் நான் டியூட்டி பார்க்கும் பஸ்ஸில்தான் வருவார், சயின்ஸ் எடுக்கிறார், வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. "சார், புள்ளைங்கள வீட்டுக்கு அனுப்பினா நாள் பூரா பொட்டலம் விக்கிற கடைகிட்டதான சுத்திக்கினு இருக்கும்? இங்கியே உக்கார வெச்சி இது உடம்ப என்னா பண்ணும்னு நான் சொல்லிக் குடுக்கறேன். எட்டு சனிக்கிழமை, மத்தியானத்துல. வீட்ல இருந்து ஒருத்தர் கூட வந்து உக்காரணும். அப்புறமும் துன்னா சஸ்பெண்ட் பண்ணுங்க" என்றார். ஹெட்மாஸ்டர் அரை மனசோடு தலையாட்டினார். நான் அந்த அம்மாளுக்கு அங்கேயே கும்பிடு போட்டேன்.

ஆக, மாமா, நாற்பத்து நான்கு வயதில் நான் மறுபடியும் பள்ளிக்கூடம் போகிறேன். ஆறாம் கிளாஸ் பெஞ்சு, முட்டி மேஜையில் இடிக்கிறது, பக்கத்தில் என் மகள். முதல் வாரம் டீச்சர் காட்டிய வாய்ப்புண் படங்களைப் பார்த்து எனக்கு அன்றைக்கு ராத்திரி சோறே இறங்கவில்லை. இரண்டாம் வாரம்தான் வினை வந்தது. "பெத்தவங்க யாராவது எழுந்து, இந்தப் பழக்கத்தப் பத்தி மனசு வுட்டுப் பேசுங்க" என்றார் டீச்சர். வந்திருந்தவர்கள் பெரும்பாலும் நம் சபை ஜனங்கள். பாவம், சந்திரகிரியில் பிறந்த பெண், நம்மைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? எழுந்து பேசு என்றால் நமக்குத் தெரிந்தது, பழைய பாவத்தைச் சொல்லி ஆண்டவர் மீட்டதைச் சொல்லும் சாட்சி ஒன்றுதானே! பெண்கள் ஐக்கிய சங்கத்து ரத்தினம்மா எழுந்து முக்காடு போட்டுக்கொண்டு "ஸ்தோத்திரம்" என்றார், மொத்த கிளாஸும் "அல்லேலூயா" என்றது. தான் முப்பது வருஷம் வெற்றிலையோடு புகையிலை போட்ட பாவியென்று ஆரம்பித்து அழுது முடித்தார். சாட்சியில் பாவம் சின்னதாக இருந்தால் யார் மதிப்பார்கள்? அடுத்து எழுந்த எலக்ட்ரீஷியன் ஜோனத்தான் "நான் கஞ்சா மூட்டை மேலயே படுத்துத் தூங்கினவன்" என்றான். பின்னாலிருந்து அவன் பெண்டாட்டி, "எப்போய்யா? ஒரு பீடி புடிச்சதுக்கே மூணு நாளு இருமிக்கினு கெடந்தியே!" என்றாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் மட்டும் சும்மா இருப்பேனா? ஒரு நாளைக்கு இருபது பொட்டலம் மென்றவன் நான், தொண்ணூற்றொன்றாம் வருஷம் கன்வென்ஷன் கூட்டத்தில் ஆண்டவர் ஒரே நொடியில் விடுவித்தார், அன்றிலிருந்து கையால் தொட்டதில்லை என்று கம்பீரமாகச் சொன்னேன். ஒரே கைதட்டல். கேசியா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பனை நினைத்துப் பெருமையில் கண் கலங்கிவிட்டது போலிருக்கிறது.

இது ஊரெல்லாம் பரவி, மூன்றாம் வாரம் ஹெட்மாஸ்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "இது கிளாஸா, குடிகாரங்க ஜெபக் கூட்டமா? திங்கக்கிழமையிலேர்ந்து ஆறு பேரும் சஸ்பெண்ட்!" என்றார். எனக்கு வந்ததே கோபம். எழுந்து நின்றேன். "சார், பழக்கம் இருக்கறவங்கள எல்லாம் வெளிய அனுப்பறதுன்னா அனுப்புங்க. மொதல்ல உங்க கைக்குட்டைய கொஞ்சம் விரிச்சிக் காட்டுங்க" என்றேன். மூக்குப்பொடிக் கறை, மாமா! இருபது வருஷமாக ஊருக்கே தெரியும், சொல்லத்தான் ஆளில்லை. கல்பனா டீச்சர் அமைதியாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க சார்" என்றார். உட்கார்ந்துவிட்டார்! நேற்று நாலாவது வாரமும் வந்தார், மேற்பார்வைக்காம். சஸ்பெண்ட் பேச்சு இப்போது இல்லை.

ஆகவே மாமா, கோபித்துக்கொண்டாலும் சரி, டிசம்பரில் வந்து என்னோடு பேசாமல் போனாலும் சரி. என் மகள் தப்பு செய்தாள், அதைப் பெஞ்சில் உட்கார்ந்து திருத்திக்கொள்கிறாள். ஒரு பழக்கமும் இல்லாத அப்பன் பக்கத்தில் இருக்கும்போது அவளுக்கு என்ன பயம்? அக்காவுக்கு என் அன்பைச் சொல்லவும், பிள்ளைகளுக்கு கிரேஸ் முத்தம் சொன்னாள். கட்டட வேலையில் நீங்கள் ஏறி இறங்கும் சாரத்திலெல்லாம் கர்த்தருடைய கை உங்களைத் தாங்குவதாக.

இப்படிக்கு,
உங்கள் சொல்லை முதல் முறையாகத் தட்டும்,
இன்பசேகரன்

பி.கு.: கவர் மேல் விலாசத்தை இங்கிலீஷில் எழுதச் சொல்லி கேசியாவிடம் கொடுத்தேன். அவள் உள்ளே இருப்பதையெல்லாம் நின்றபடியே படித்துவிட்டாள். "நைனா, அந்தப் பொட்டலம் உன்னுது" என்றாள். என் காக்கிச் சட்டையைத் தோய்க்க எடுத்தபோது பையில் இருந்ததாம். அம்மா கண்ணில் படாமல் வழியில் எறிந்துவிடலாம் என்று எடுத்துப் போனவள் மறந்துவிட்டாளாம். அவள் அதை ஒரு நாளும் வாயில் போட்டதில்லை. "அப்பவே சொல்லியிருக்கலாமேடி?" என்றேன். "மொதல்ல உன் பேரு கெட்டுடும்னு சொல்லல. அப்புறம் டீச்சர் வீட்ல இருந்து ஒருத்தர் வந்து உக்காரணும்னாங்க. நான் உண்மையச் சொல்லிட்டா நீ வந்து உக்காருவியா?" என்றாள். தொண்ணூற்றொன்றில் விட்டதாக எழுதினேனே, மாமா, போன வெள்ளிக்கிழமைகூட பஸ்ஸில் ஒன்று போட்டேன். வேறு கடிதம் எழுதுகிறேன் என்றேன், "இதையே அனுப்பு" என்கிறாள். அனுப்புகிறேன். இன்னும் நாலு சனிக்கிழமை இருக்கிறது, ரிஜிஸ்டரில் அவள் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதச் சொல்லப் போகிறேன். கூட வந்து உட்காருகிறவர் என்ற இடத்தில் கேசியா என்று எழுதிக்கொள்ளட்டும்.