வகை பிரித்த மனுக்கள்

கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஓர் ஊரில், வார்டு உறுப்பினர் செங்கமலத்தின் தெருவுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் புகைந்து போனது. ஓட்டுப் போட்டவர்கள் காலிக் குடத்தோடு அவள் வாசலில் வந்து நின்றார்கள். ஓட்டுப் போடாதவர்கள் இன்னும் பெரிய குடத்தோடு வந்தார்கள். கோடைக்குள் மோட்டார் வராவிட்டால் அந்தத் தெருவில் தலைகாட்ட முடியாது. மனு நாள் பார்த்து அவள் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினாள்.

எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். அப்போதுதான் அங்கே நவீனம் வந்து சேர்ந்திருந்தது. அதிகாரி பிரவீன்குமார் சென்னையில் கணினிப் பயிற்சி முடித்துத் திரும்பியிருந்தார். இனி மனுக்கள் ‘தரவு’ என்றே அழைக்கப்படும் என்று சுற்றறிக்கையும் விட்டாயிற்று.

கம்ப்யூட்டர் முன்னால் தட்டச்சர் சுகுணா, கேட்டுக் கேட்டுத் தட்டினாள்.

“வயசு?”

“அம்பத்திரெண்டு இருக்கும்மா.”

அதை அப்படியே தட்டிவிட்டு சுகுணா உதட்டைப் பிதுக்கினாள். “இருக்கும்னு சேத்துச் சொல்லிட்டீங்க. வயசு எழுத்துப் பக்கம் போயிருச்சுக்கா.”

செங்கமலம் விழிப்பதைப் பார்த்து அதிகாரியே எழுந்து வந்தார்.

“முன்னாடி ஒரே மனுவுல பேரு, நம்பரு, ஆமா, இல்லைன்னு எல்லாம் கலந்து கிடக்கும்மா. பாக்கவே நல்லா இருக்காது. இப்ப எண்ணெல்லாம் ஒரு குழு, எழுத்தெல்லாம் ஒரு குழு, ஆமா-இல்லை தனிக் குழு. ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது.”

“அப்ப என் போன் நம்பருங்க?”

“எண் குழுவுல பத்திரமா இருக்கும்.”

“அது என் நம்பருன்னு எப்புடித் தெரியும்?”

“யாருதுன்னு போட்டா அதுல பேரு வந்துருமே. அப்புறம் அது எண் இல்லையேம்மா.”

மறுக்க முடியாத பதில்தான்.

“ஒண்ணுமே எழுதாம வர்ற மனு?” என்று கேட்டுவைத்தாள்.

அவர் முகம் மலர்ந்தது. “அதுக்குக் ‘காலி’ன்னு ஒரு குழு. அதுலதான் நாங்க நூத்துக்கு நூறு. வந்த அன்னைக்கே தீர்த்துடறோம்.”

பிறகு நடந்தது இதுதான். பெயர்களையெல்லாம் அகர வரிசையில் அடுக்கினார்கள். கோரிக்கைகளையும் தனியாக அகர வரிசையில் அடுக்கினார்கள். இரண்டு வரிசையும் அத்தனை அழகாக இருந்ததால், பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தப் பெயருக்கு நேரே எது வந்ததோ அதையே வழங்க உத்தரவிடப்பட்டது.

பங்குனியில் லாரி வந்தது. தெருவே திரண்டது. லாரியிலிருந்து ஒரு பைபர் படகு இறங்கியது. சுற்றிலும் முந்திரிக்காடு, கண்மாயோ வெடித்துக் கிடந்தது.

“ஏத்தா, இதை எங்கிட்டு ஓட்டுறது?” என்று எதிர்வீட்டு மலையாண்டி கேட்டார். செங்கமலத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

விசாரித்ததில், அவளுடைய மோட்டார் கட்டுமாவடியில் படகு கேட்ட ஒரு மீனவருக்குப் போயிருந்தது. அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

“நாங்களே மாத்திக்கிறோமே சார்?”

“மாத்துனா மறுபடியும் கலந்துருமேம்மா,” என்றார் பிரவீன்குமார், உண்மையான வருத்தத்தோடு.

அதற்குள் தெரு சும்மா இருக்கவில்லை. தண்ணி லாரிக்காரர் படகுக்குள்ளேயே தண்ணீரை நிரப்பிவிட்டுப் போனார். சனங்கள் அதிலிருந்து மொண்டு குடித்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் பைக்கை நிறுத்திப் படம் எடுத்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் செங்கமலம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து யோசித்தாள். மோட்டார் கேட்டால் படகு வருகிறது. அப்படியானால், மோட்டார் வர என்ன கேட்க வேண்டும்?

அடுத்த மனு நாளில் சுகுணா கேட்டாள். “என்னக்கா வேணும்?”

“படகு ஒண்ணும்மா.”

பின்னால் நின்ற அந்தக் கட்டுமாவடி மீனவர், “எனக்குத் தண்ணி மோட்டாருங்க,” என்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். விஷயம் புரிந்து, லேசாகச் சிரித்துக்கொண்டார்கள்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. முந்தின வாரம்தான் மேலிடத்து ஆட்கள் வந்து அந்தக் கோளாறைச் சரிசெய்திருந்தார்கள். இனி யார் எதைக் கேட்டாரோ, அது அவருக்கே போகும்.

இரண்டாவது படகை முதல் படகுக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். மலையாண்டி இரண்டு படகையும் எண்ணிப் பார்த்தார். குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் செங்கமலத்துக்குப் போன் வந்தது. பதிவு செய்த குரல், மரியாதையான குரல். “நீங்கள் கேட்டது உங்களுக்குக் கிடைத்ததா? ஆம் என்றால் ஒன்றை அழுத்தவும்.”

பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. ஒன்றை அழுத்தினாள்.