டெஸ்டர் சாரின் கைராசி

"இன்னிக்கு இருட்டறதுக்குள்ள இந்த வண்டியை நான் ஸ்டார்ட் பண்ணலேன்னா சாவி உன்னுது! அப்புறம் ஸ்டியரிங்கை நான் தொடவே மாட்டேன். சத்தியம்!"

ஞாயிற்றுக்கிழமை காலையில், இன்னும் பல்கூடத் தேய்க்காத வாயால், தெருவே கேட்கும்படி இப்படி ஒரு சபதம் போட்டார் டெஸ்டர் சார். சட்டைப்பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் கரண்ட் பார்க்கிற டெஸ்டரைச் செருகிக்கொண்டு ஆபீஸ் போகிறவரை வேறு எப்படித்தான் கூப்பிடுவது? வயரிங் வேலை அவருக்குக் கொஞ்சம் தெரியும். நிறையத் தெரியும் என்பது அவருடைய சொந்த அபிப்பிராயம்.

அவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து வந்தது. அங்கே ஒரு சின்ன சுவிட்சை யாருக்கும் தெரியாமல் மாட்டிவைத்திருந்தார். அதை அமுக்காமல் சாவியைத் திருகினால் வண்டி மூச்சு விடாது. திருடனுக்காக வைத்தது என்று மனசாட்சியிடம் சொல்லியிருந்தார். உண்மையில் அவர் சம்சாரம் தையல்காரம்மா லைசென்ஸ் எடுத்த மறுவாரம் வைத்தது.

அந்த அம்மா வீட்டு முன்னறையில் தையல் கடை நடத்துகிறவர். சீருடை, திரைச்சீலை என்று மூட்டை மூட்டையாகத் தைத்து, வாடகை வண்டி பிடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பார். சொந்த வண்டி வாசலில் சும்மா நிற்கும். "நானே ஓட்டிட்டுப் போறேனே" என்று சாவியை வாங்கித் திருகினால் ஒரு சத்தமும் வராது. அப்போது சார் வருவார். டாஷ்போர்டைத் தடவிக்கொடுப்பார். செருப்பைச் சரிசெய்கிறவர்போல் குனிவார். வண்டி உறுமும்.

"பழைய வயரிங்மா. கைராசி வேணும்" என்பார்.

அன்றைக்கு அம்மா விடவில்லை. சாயங்காலம் ஓட்டலுக்குத் திரைச்சீலை போய்ச் சேரவேண்டும். "கைராசி எனக்கும் வர்ற மாதிரி வயரிங்கைச் சரி பண்ணுங்க. முடியலேன்னா தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிடறேன்" என்றுவிட்டார்.

மெக்கானிக் வந்தால் சீட்டுக்கு அடியில் கை போகும். கை போனால் மானம் போகும். அதனால்தான் சபதம். ஒரு மணி நேரம் நாடகம் போட்டுவிட்டு, கடைசியில் சுவிட்சை அமுக்கினால் தீர்ந்தது என்று கணக்குப் போட்டார் சார்.

"நீ டிரைவர் சீட்ல உக்காரு. நான் சொல்றதை மட்டும் அமுக்கு."

அம்மா உட்கார்ந்தார். போன வாரம் அவரே தைத்துப்போட்ட புது சீட் உறை. கறுப்புத் துணியில், பஞ்சு வைத்துத் தைத்த சிவப்புப் பூக்கள். "வண்டியா, பூக்கடையா?" என்று சார் அப்போதே கேலி பண்ணியிருந்தார்.

பக்கத்து சீட் வழியாக நுழைந்து டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டார் சார். கால் இரண்டும் வாசலில் கிடந்தன.

"ஹார்ன்."

"ம்."

"என்ன ம்? அடி."

"அடிச்சுட்டேங்க. அது ஊமையாகி எத்தனை காலமாச்சு!"

"உள்விளக்கு?"

"கல்யாணமான புதுசுல எரிஞ்சுது."

நாடகம் போதும் என்று தோன்றியதும் சார் கையை மெல்ல நீட்டினார். அம்மா உட்கார்ந்திருந்த சீட்டுக்கு அடியில், சுவிட்சு 'கிளிக்' என்றது.

"இப்போ சாவியைத் திருகு!"

"திருகிட்டேன்."

"நல்லாத் திருகு!"

"இதுக்கு மேல திருகினா கையோட வந்துடும்."

மறுபடி கிளிக். மறுபடி ஒன்றுமில்லை. சாருக்கு வியர்த்தது. திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய்விட்டுக் கத்த முடியுமா? நாடகம் அந்த நிமிஷமே நிஜ வேலையாகிவிட்டது.

டாஷ்போர்டின் அடி மூடியைக் கழற்றினால், உள்ளே வயர்கள் கிழவர்கள்போல் தோல் சுருங்கிக் கிடந்தன. பழைய டேப் உருகிக் கையில் பிசுபிசுத்தது. சார் டெஸ்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நிறமாகப் பின்தொடர்ந்தார். ஒரு சிவப்பு வயர் இரும்பு விளிம்பில் உரசி உரசித் தாமிரம் தெரிய நின்றது. அதை வெட்டி, புதுத் துண்டு சேர்த்து, டேப் சுற்றினார். அம்மா அமுக்கியதும் ஹார்ன் அலறியது. துள்ளி எழுந்த தலை டாஷ்போர்டில் இடித்தது.

சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரர் வந்து, வெளியே நீண்டிருந்த கால்களைப் பார்த்தார். "சார், வண்டி உங்களை முழுங்குதா, துப்புதா? மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா?"

"வேண்டவே வேண்டாம்!"

"தன் கையால பண்ணினாத்தான் அவருக்குத் திருப்தி" என்றார் அம்மா. "ஏங்க, நான் எந்திரிக்கட்டுமா? சீட்டுக்கு அடியில பார்க்கணுமா?"

"அங்க ஒண்ணுமே இல்ல! நீ உக்காரு!"

அம்மா நன்றாக உட்கார்ந்துகொண்டார்.

கதவைத் திறந்து மூடுகிற இடத்தில், ரப்பர் குழாய்க்குள்ளே ஒரு வயர் மடங்கி மடங்கி அறுந்திருந்தது. அதை ஒட்டியதும் உள்விளக்கு எரிந்தது. பிறகு வைப்பர் ஆடியது. மின்விசிறி சுற்றியது. வாங்கின நாளிலிருந்து வண்டி இவ்வளவு ஒழுங்காக இருந்ததே இல்லை. ஸ்டார்ட் மட்டும் ஆகவில்லை.

வெளிச்சம் மங்கியது. சார் கறுத்த கையால் கும்பிட்டார். "தோத்துட்டேன்மா. சாவி உன்கிட்டயே இருக்கட்டும். நாளைக்கு... மெக்கானிக்கைக் கூப்பிடு."

அதைச் சொல்லும்போது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"நாளைக்கு எதுக்கு? நானும் ஒரு தடவை பார்க்கறேனே." அம்மா டாஷ்போர்டைத் தடவிக்கொடுத்தார். சீட் ஓரத்து உறையில் இருந்த பூ ஒன்றை நீவிவிட்டார். சாவியைத் திருகினார்.

வண்டி உறுமியது.

சார் சாவியைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார்.

"உறை மாட்டறப்போ உங்க சுவிட்சைப் பார்த்தேங்க. நேத்து நீங்க தூங்கறப்போ புது வயர் இழுத்து, புது சுவிட்சைப் பூவுக்குள்ள வச்சுத் தைச்சுட்டேன். உங்களுது இனிமே சும்மா கிளிக்குனு சொல்லும், அவ்வளவுதான்."

"உனக்கு... வயரிங் வேலை..."

"என் தையல் மிஷின் மோட்டாருக்கு இத்தனை வருஷமா யார் வயர் மாத்தறாங்கன்னு நினைச்சீங்க?"

"அப்போ நான் நாள் பூரா கீழ கிடந்தது?"

"ஹார்ன் அடிக்குது, விளக்கு எரியுது. எத்தனை நாளாக் கேட்டுட்டு இருந்தேன்! மூட்டையை எடுத்துட்டு வாங்க."

சாருக்குக் கோபம் வந்தது. அதைவிட வெட்கம் அதிகமாக வந்ததால் கோபம் வெளியே வரவில்லை. முன் சீட்டில் திரைச்சீலை மூட்டைகள் ஏறிக்கொண்டன. மிச்ச மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு சார் பின்னால் உட்கார்ந்தார். அம்மா வண்டியைக் குலுங்காமல் திருப்பித் தெருவில் இறக்கினார். அவர் தன்னைவிட நன்றாகவே ஓட்டுகிறார் என்பதும் சாருக்குத் தெரிந்தது.

தெருமுனை தாண்டியதும் மெல்லக் கனைத்தார். "நாளைக்கு ஆபீஸ் போகணும். அந்த சத்தியம் எல்லாம் சும்மா ஒரு வேகத்துல சொன்னது. ஏம்மா, அது எந்தப் பூ?"

அம்மா கண்ணாடியில் அவரைப் பார்த்தார்.

"பழைய வயரிங்ங்க. கைராசி வேணும்."