குக்கர் விவகாரத்தில் மத்தியஸ்தம் கோரி வாலாஜாபாத் மச்சானுக்கு

மதிப்புக்குரிய மச்சான் தாண்டவராயன் அவர்களுக்கு, ஒரகடத்திலிருந்து உங்கள் தங்கை வீட்டுக்காரன் திருமலை வணங்கி எழுதுவது. இங்கே நானும் மகள் கவிப்பிரியாவும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. எட்டு நாளாக ஓட்டல் சாம்பார் சாப்பிடுகிறவனுக்குச் சுகம் ஏது? அங்கே மரகதம் சுகமா, வேளைக்கு பிரஷர் மாத்திரை போடுகிறாளா என்று கேட்க ஆசைதான். கேட்டால் நான் இறங்கி வந்ததாக ஆகிவிடும் என்பதால் கேட்கவில்லை.

மரகதம் அவள் பக்கத்தைச் சொல்லியிருப்பாள். என் பக்கத்தையும் கேளுங்கள். ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் ஆளுக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸும் ஐந்து லிட்டர் குக்கரும் கொடுத்தார்கள். நான் ஷிப்ட் முடிந்து சுங்குவார்சத்திரத்தில் இறங்கி, குக்கரை என் தங்கை வீட்டில் கொடுத்துவிட்டு, ஸ்வீட்டோடு வீட்டுக்கு வந்து, "இந்த வருஷம் இவ்ளோதாம்மா, கம்பெனி நெலம சரியில்ல" என்றேன். எங்கள் தெருவில் பாதிப் பேர் அதே கம்பெனி, எல்லார் வீட்டுக்கும் அதே குக்கர் போயிருக்கும் என்பது இருபது வருஷ சர்வீஸ் உள்ள இந்த மண்டைக்கு உறைக்கவில்லை. மறுநாள் காலை எதிர்வீட்டு அந்தோணிமேரி வந்து, "அக்கா, ஒங்க குக்கர்ல விசில் ஒழுங்கா வருதா? எங்க வூட்டுது இழுத்துகினே கீது" என்றாள். "இன்னா குக்கரு?" என்று மரகதம் என் பக்கம் திரும்பினாள் பாருங்கள், நான் ஸ்வீட் பாக்ஸைத் திறந்து அவள் முன்னால் நீட்டினேன்.

அப்போதே தப்பு என்று சொல்லியிருந்தால் அரை மணியில் முடிந்திருக்கும். என் கெட்ட நேரம், சென்னையில் சர்வதேச உறவுகள் எம்.ஏ. படிக்கிற கவிப்பிரியாவின் நோட்டு மேஜைமேல் கிடந்தது. நாடுகளுக்கு மேலே போலீஸ் கிடையாது, அவனவன் பாதுகாப்பை அவனவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. அட, நம் வீடு மாதிரியே இருக்கிறதே என்று உட்கார்ந்து படித்தேன். அந்த நேரம் பார்த்து மரகதம் பரண்மேலிருந்து ஒரு பையை இறக்கினாள். எதிராளி ஆயுதம் எடுத்தால் நாமும் எடுக்க வேண்டுமே, நானும் என் பையை இறக்கினேன். அவள் அதைவிடப் பெரிய பையை இறக்கினாள். முதல் பையை அவள் இறக்கியது பூஜைச் சாமானை எடுத்து வைக்கத்தானாம், கவிப்பிரியா பிறகு சொல்கிறாள். ஒருவர் தற்காப்புக்குச் செய்வது அடுத்தவருக்குப் படையெடுப்பாகத் தெரியுமாம், அதற்குப் படிப்பில் பெயரே இருக்கிறதாம். பெயர் இருந்து என்ன பிரயோஜனம், பை நிரம்பிவிட்டதே!

அதோடு விட்டேனா? நாலு பேர் முன்னால் மிரட்டினால்தான் மிரட்டலுக்கு மதிப்பு, பின்வாங்கினால் மானம் போகும் என்பதால் எதிராளி நம்பிவிடுவான் என்று அடுத்த பக்கத்தில் இருந்தது. நான் வாசலுக்கு வந்து தெருவே கேட்க, "போறதுன்னா போ, நான் வந்து கூப்புட மாட்டேன்" என்று கத்தினேன். அவள் அதே தெரு கேட்க, "நீ வந்து கூப்புடாம நானும் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோ ஏறிவிட்டாள். "அப்பா, ரெண்டு பேரும் அப்டி சொல்லிட்டா ரெண்டு பேராலயும் எறங்க முடியாதுன்னு கீழயே எழுதியிருக்கேனே, படிக்கலியா?" என்கிறாள் மகள். படிக்கவில்லை மச்சான், அதற்குள் ஆத்திரம் வந்துவிட்டது.

பிறகு பொருளாதாரத் தடை என்று அவள் போனுக்கு ரீசார்ஜ் போடாமல் விட்டேன். இப்போது நான் அடித்தாலும் அவளுக்குப் போகவில்லை. உங்கள் போனுக்கு அடித்தால் அவளே எடுத்துவிடுவாள், எடுத்தால் நான் கூப்பிட்டதாக ஆகிவிடும். அதனால்தான் கவிப்பிரியா கையில் இந்தக் கடிதம். இதை எழுதுவதற்குள் நாலு தடவை எழுந்து வாசலைப் பார்த்துவிட்டு வந்தேன்.

வரும் ஞாயிறு கம்பெனியில் குடும்ப தினம். இருபது வருஷம் முடித்தவர்களை ஜோடியாக மேடைக்குக் கூப்பிட்டு ஷீல்டு கொடுக்கிறார்கள். லிஸ்டில் மரகதம் பேரையும் கொடுத்துவிட்டேன். நான் நைட் ஷிப்ட் போன காலமெல்லாம் தூங்காமல் கிடந்தவள் அவள், அவள் இல்லாமல் நான் மட்டும் அந்த மேடையில் நின்று யாரைப் பார்ப்பது? ஆகவே நீங்கள் மத்தியஸ்தராக இருந்து, சனிக்கிழமை ஒரகடத்தில் ஏதோ வேலை என்று கிளம்பி, அவளையும் கூட அழைத்து வந்துவிட வேண்டும். யார் யாரைக் கூப்பிட்டது என்று யாரும் பேசக்கூடாது. குக்கர் பேச்சு அறவே கூடாது. இதில் எனக்குக் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க இடமில்லை.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் நன்றாகப் படிக்கட்டும். நம் குடும்பத்துக்குப் பெருமாள் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
நிலையில் உறுதியாக இருக்கும்
திருமலை

பி.கு.: கவிப்பிரியாவை பஸ் ஏற்றிவிட வந்தவன் அப்படியே நானும் ஏறிவிட்டேன். உங்கள் வீட்டுக்கு எதிர் டீக்கடையில் உட்கார்ந்து, அவளிடமிருந்து கடிதத்தைத் திரும்ப வாங்கித்தான் இந்தப் பி.கு.வை எழுதுகிறேன். மரகதம் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருக்கிறாள். இளைத்துவிட்டாள் மச்சான். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள், நிபந்தனை ஒன்றும் கிடையாது, நான்தான் அவளைக் கூப்பிட வந்திருக்கிறேன். ஐயோ, பார்த்துவிட்டாள். திட்டப் போகிறாள் என்று எழுந்து நின்றேன். சாப்பிட்டாயா என்று கையைக் காட்டிக் கேட்கிறாள். ஒரு தட்டு பஜ்ஜி தின்று முடித்திருக்கிறேன். இல்லை என்று தலையாட்டிவிட்டேன்.